கிராணி வீட்டு நடு ஸ்பீக்கர்

மலேசியாவில் கோலா பிலாவுக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் ஆபீஸ் கணக்கைப் பார்க்கும் பெரிய கிராணியாக இருக்கும் திருநாவுக்கரசு ஹோம் தியேட்டர் வாங்கியதிலிருந்து, தோட்டத்தில் பாதிப் பேருக்குக் காது மந்தமாகிவிட்டது. அப்படிச் சொன்னது எந்த டாக்டரும் இல்லை. கிராணியேதான்.

அவர் மனைவி விமலா தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தினாலும் எவன் கெட்ட வார்த்தை சொன்னான் என்று கண்டுபிடிக்கிற காது அவளுடையது. அந்தக் காதுக்கே அந்த ஹாலில் ஒரு வசனமும் விளங்கவில்லை. கதாநாயகன் அடித்தால் அடுப்படியில் மங்கு தட்டெல்லாம் ஆடியது. அதே கதாநாயகன் வாயைத் திறந்தால், போர்வைக்குள் படுத்துக்கொண்டு சோற்றை மென்றபடி பேசுகிறவன் மாதிரி இருந்தது.

காரணம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. பேச்சுச் சத்தமெல்லாம் வரவேண்டிய நடு ஸ்பீக்கரைத் திருநாவுக்கரசு டிவிக்குக் கீழே அலமாரிக்குள் தள்ளி, கண்ணாடிக் கதவைச் சாத்திவைத்திருந்தார். தூசி படக்கூடாதாம். பல்லி நுழையக்கூடாதாம். போதாக்குறைக்கு அதன் முன்னால் அவர் பேட்மிண்டனில் வாங்கிய கோப்பைகளும், தோட்ட நிர்வாகம் நீண்ட சேவைக்குக் கொடுத்த கேடயமும் வரிசை கட்டி நின்றன.

"நான் பலகையப் பாத்துக்கிட்டே பாடம் நடத்துனா கடைசி வரிசப் பிள்ளைக்குக் கேக்குமாங்க? அதக் கொஞ்சம் வெளிய இழுத்து வையுங்க" என்று விமலா சொல்லிப் பார்த்தாள்.

"உனக்கு இதெல்லாம் விளங்காது லா. இது டெக்னிக்கல்" என்றார் அவர். சொல்லிவிட்டு வால்யூமைக் கூட்டினார். தட்டுகள் இன்னும் பலமாக ஆடின.

அப்பர் பெருமானின் பேரை வைத்துக்கொண்டு இந்த மனுசன் வீட்டில் ஒரு சொல்லையாவது உருப்படியாகக் கேட்க விடமாட்டேன் என்கிறாரே என்று விமலா மனசுக்குள் வைதுகொண்டாள்.

லீவு பாரத்தில் கையெழுத்து வாங்க வருகிறவர்களை எல்லாம் அவர் சோபாவில் உட்காரவைத்துப் படம் போட்டுக் காட்டினார். வந்தவர்களும், "ரொம்ப பாகுஸ், கிராணி! தியேட்டர்லகூட இப்படி இல்ல லா" என்றார்கள். கையெழுத்து கிடைக்கிற வரைக்கும் கிராணி வீட்டில் தகர டப்பாவைத் தட்டினாலும் அது கச்சேரிதான். விமலாவுக்குப் புருசன்மேல் வந்த எரிச்சலைவிட இவர்கள்மேல் வந்த எரிச்சல் அதிகம்.

வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் முருகையா மட்டும் ஒருநாள் தலையைச் சொறிந்துகொண்டே, "சத்தம் நல்லாத்தான் இருக்கு கிராணி. என்ன பேசுறாங்கன்னுதான் பிடிபடல" என்றார்.

"அது உன் காது, முருகையா! காலமெல்லாம் டிராக்டர் பக்கத்துல நின்னவனுக்கு என்ன கேக்கும்? சிரம்பான் ஆஸ்பத்திரில போயிக் காட்டு. லீவு நான் தாரேன்."

முருகையா தலையாட்டிவிட்டுப் போனார். விமலா அதை அப்போதே மறந்துவிட்டாள்.

அடுத்த மாதம் மகள் ரோகினி கோலாலம்பூரிலிருந்து வந்தாள். அங்கே ஆபீஸ் வேலை. ஓய்வு நேரத்தில் நடிக்கப் போவாள். முதல்முறையாக ஒரு டிவி நாடகத்தில் அவளுக்குப் பேசுகிற வேடம் கிடைத்திருந்தது. ஆஸ்பத்திரித் தாதியாக வருகிறாள். ஒரே ஒரு காட்சி. நாடகத்தைப் பென் டிரைவில் கொண்டுவந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திருநாவுக்கரசு பத்துப் பன்னிரண்டு பேரை வீட்டுக்கு அழைத்துவிட்டார். மகளைக் காட்டவா, ஸ்பீக்கரைக் காட்டவா என்பது விமலாவுக்குச் சந்தேகமாகவே இருந்தது. வந்தவர்களிடம் அவர் ரோகினியின் வேடத்தைப் பற்றி ஒரு வார்த்தை, இடிச் சத்தம் போடும் சப்வூஃபரைப் பற்றி ஒன்பது வார்த்தை பேசினார்.

நாடகம் ஓடியது. இடி இடித்தது, மழை கொட்டியது, மூலையில் இருந்த சப்வூஃபர் சோபாவையே உதைத்தது. ரோகினி வெள்ளை உடுப்பில் ஆஸ்பத்திரி நடையில் வந்து நின்றாள். எதிரே இரண்டு ஆண்கள். அவள் தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னாள். உதடு அசைந்தது. மழைதான் கேட்டது.

"பாப்பா என்ன சொல்லுது?" என்று முருகையாவின் மனைவி செல்லம்மா கேட்டாள்.

"மருந்து வாங்கிட்டு வரச் சொல்றா" என்றார் திருநாவுக்கரசு, தானே எழுதிய வசனம் போல.

"அப்பா, நான் அப்படிச் சொல்லவே இல்ல" என்றாள் ரோகினி. அவள் முகம் சுருங்கிவிட்டது. அதற்குள் அவள் காட்சி முடிந்துபோயிருந்தது.

"விளங்கலன்னா காதுல கோளாறு. முருகையாவுக்கும் அதான் சொன்னேன்."

செல்லம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அவருதான் போயிக் காட்டிட்டு வந்துட்டாரே கிராணி! சிரம்பான் ஆஸ்பத்திரில காதுல மெசின வச்சு சோதிச்சாங்க. சின்னப் பிள்ளைக் காது மாதிரி இருக்குன்னு டாக்டரு சொல்லிட்டாரு. ஏன் வந்தீங்கன்னு வேற திட்டுனாரு."

முருகையா குனிந்து தரையைப் பார்த்தார். யாரோ இருமினார்கள். யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

விமலா எழுந்தாள். புருசனின் ஸ்பீக்கருக்காக ஒரு மனுசன் பஸ் ஏறிப்போய்த் தன் காதைச் சோதித்துக்கொண்டு வந்திருக்கிறான்! ரிமோட்டை அவர் கையிலிருந்து பிடுங்கி நாடகத்தை நிறுத்தினாள். அலமாரிக் கதவைத் திறந்தாள். கோப்பைகளை எடுத்துத் தரையில் வைத்தாள். கேடயத்தைச் செல்லம்மாவின் மடியில் கொடுத்தாள்.

"ஏய், அத ஆட்டாத! செட்டிங் போயிரும்!"

"போகட்டும்."

ஸ்பீக்கரை அலமாரியின் விளிம்புவரைக்கும் இழுத்தாள். அது எல்லாருடைய முழங்காலையும் பார்த்துக்கொண்டிருந்தது. முன்பக்கத்துக்கு அடியில் ரப்பர் கதவுக்கட்டை ஒன்றைச் செருகி, உட்கார்ந்திருக்கிறவர்களின் முகத்தைப் பார்க்கும்படி நிமிர்த்தினாள். ரோகினி ரிசீவரின் மெனுவைத் திறந்து நடு ஸ்பீக்கரின் அளவை ஏற்றி, சப்வூஃபரை இறக்கினாள். திருநாவுக்கரசு நடு ஹாலில் நின்றுகொண்டு, வீட்டுக்குள் மாடு புகுந்ததைப் பார்ப்பவர் போலப் பார்த்தார்.

காட்சியை மறுபடி போட்டார்கள். மழை எங்கோ தள்ளிப் பெய்தது. ரோகினியின் குரல் ஹாலுக்கு நடுவில் நின்று பேசியது.

"அவரு கடைசியா உங்களத்தான் கேட்டாரு. வழியில வந்துக்கிட்டு இருக்கீங்கன்னு நான் பொய் சொன்னேன். கேட்டுட்டுத்தான் கண்ண மூடுனாரு."

செல்லம்மா கேடயத்தை மடியில் வைத்தபடியே முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பள்ளி நாடகங்களில் கத்திப் பேசாதே என்று இவளை எத்தனை முறை அதட்டியிருப்போம் என்று விமலா நினைத்தாள்.

"பாத்தீங்களா!" என்றார் திருநாவுக்கரசு. "ஸ்பீக்கர்னா இது ஸ்பீக்கர். எவ்வளவு துல்லியம்!"

"பேசுனது ஸ்பீக்கர் இல்லீங்க" என்றாள் விமலா. "உங்க மக."

அடுத்து முருகையாதான் பேசினார். "கிராணி, பாப்பா பேசுறத இன்னொருக்கா போடச் சொல்லுங்களேன்."

போட்டார்கள். இந்த முறை திருநாவுக்கரசு உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, கடைசிவரைக்கும் கேட்டார். முடிந்ததும் மகளிடம், "அழுத்திப் பேசாமலே அழ வச்சிட்டியே லா" என்றார். ரோகினி சிரித்தாள். அன்றைக்கு ராத்திரிவரைக்கும் அவர் ஒரு மனுசராகத்தான் இருந்தார்.

மறுநாள் காலையில் விமலா பள்ளிக்குக் கிளம்பி காரை எடுக்கும்போது, அவர் வாசலில் நின்று அம்பாங்கானில் இருக்கும் தம்பியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"பொண்ணு என்னமா பேசியிருக்கா தெரியுமா? ஆனா ஒண்ணு, நடு ஸ்பீக்கர அலமாரிக்குள்ள வைக்கக்கூடாது லா. விளிம்புக்குக் கொண்டாந்து லேசா நிமித்தணும். இது நானா ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சது."

விமலா கார்க் கண்ணாடியை ஏற்றினாள். அவர் குரல் அடியோடு நின்றது. கியரைப் போட்டு, செம்பனைகளுக்கு நடுவே பள்ளிக்கூடத்தைப் பார்த்து வண்டியை விட்டாள்.