வராத ஒலி

மாதத்தில் இருபத்தெட்டு நாள் சிக்னே தபால்காரி. அமெரிக்காவின் ஸ்காஜிட் பள்ளத்தாக்கின் உருளைக்கிழங்கு வயல்களுக்கு நடுவே, வீட்டுக்கு வீடு வண்டியை நிறுத்திக் கடிதம் போடுவாள். மிச்சம் இரண்டு நாள் கடற்படையில் பகுதிநேர வேலை. அந்த சனி ஞாயிறுக்காகத்தான் மற்ற நாட்களெல்லாம் விடிகின்றன என்று அவளுக்குத் தோன்றும்.

தலைக்கு மேலே ரோந்து விமானம் போனால் கை அப்படியே நின்றுவிடும். யாருக்கோ வந்த மின்சார பில்லைப் பிடித்தபடி, அது மேகத்துக்குள் போகும்வரை அண்ணாந்து பார்ப்பாள். அந்த மாதிரி விமானத்துக்குள் அவளுடைய இருக்கை ஒன்று இருந்தது. விமானத்திலிருந்து கடலில் போடும் மிதவைகள், தண்ணீருக்கடியில் கேட்பதையெல்லாம் அவள் காதுக்கு அனுப்பும். எண்ணெய் பொரிவது போல் இறால்கள் எழுப்பும் சத்தம், மழை, திமிங்கிலம். அத்தனைக்கும் பின்னால், எப்போதாவது, ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் மெல்லிய முனகல். பதினான்கு வருடமாக அந்த முனகலைத் தேடித்தான் அவள் பறந்துகொண்டிருந்தாள்.

வருடாவருடம் பிறந்த மாதத்தில் எல்லோருக்கும் உடல் பரிசோதனை உண்டு. அதில் தேறினால்தான் பறக்கலாம். இந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவளுடைய முறை. மதியம் ஒரு மணிக்கு விமானம் கிளம்புகிறது. ஜூன் மாதம் முழுக் குழுவும் இரண்டு வாரம் ஜப்பானின் ஒகினாவா தீவுக்குப் போகிறது.

செவிச்சோதனை செய்பவன் ஹாலிஸ். அவனும் பகுதிநேரக்காரன்தான், வார நாட்களில் ரொட்டி வண்டி ஓட்டுகிறவன்.

"வாங்க, தபால் மகாராணி! எனக்கு ஏதாவது லெட்டர் வந்துச்சா?"

"உனக்கு யாருடா எழுதப் போறாங்க? கதவச் சாத்து."

சின்னப் பெட்டி போன்ற அறை. சிக்னே உட்கார்ந்து காதுக்கருவியை மாட்டிக்கொண்டாள். ஒலி கேட்டால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். முதலில் தடித்த ஒலிகள், சுலபம். பிறகு ஒலி மெலிந்து, ஊசிமுனை போல் ஆயிற்று. கண்ணை மூடி, கடலுக்குள் இறங்குவது போல் அதற்குள் இறங்கினாள். மிகத் தொலைவில் ஒன்று. அழுத்தினாள். இன்னொன்று. அழுத்தினாள். மறுபடியும்.

கதவு திறந்தது. ஹாலிஸின் முகத்தில் சிரிப்பைக் காணோம்.

"சிக்னே, இப்ப எதுக்கு அமுக்கின?"

"கேட்டுச்சு, அமுக்கினேன்."

"என் பொண்டாட்டி போன் பண்ணினா. மெஷின நிறுத்திட்டுப் பேசிட்டிருந்தேன். ரெண்டு நிமிஷமா உனக்கு எதுவுமே போகல. நீ மூணு தடவ அமுக்கியிருக்க."

"விளையாடாத."

"சத்தியமா."

அவள் ஏமாற்றவில்லை. உண்மையிலேயே கேட்டது. போன மாதம் இதே போல் மெலிதாக ஒன்று கேட்டு, "இருக்கு, தெக்குப் பக்கம்" என்று அவள் சொன்னாள். விமானத்தில் இருந்த ஒன்பது பேரும் அதை நம்பினார்கள். மூன்று மணி நேரம் சுற்றி, கையிலிருந்த மிதவைகளையெல்லாம் கடலில் கொட்டியும் ஒன்றும் அகப்படவில்லை. "நழுவிட்டான்" என்று விமானி பரோஸ் அவளுக்கே ஆறுதல் சொன்னார். அன்று கடலில் யாராவது இருந்தார்களா?

கேட்காமல் விட்டவனைக்கூட அந்தக் குழுவில் மன்னிப்பார்கள். இல்லாததைக் கேட்கிறவனைத் தூக்கிக்கொண்டு யாரும் பறக்க மாட்டார்கள்.

ஹாலிஸ் தாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"நான் ஒண்ணும் பாக்கல. போன வருஷ நம்பரையே ஒட்டிப் போட்டுடறேன். ஒரு மணிக்கு நீ மேல இருப்ப. என்ன?"

மேல. அந்த ஒரு சொல்லில் எல்லாம் இருந்தது. எஞ்சின் அதிர்வு முழங்காலில் ஏறுவது, கருகிய காபியின் வாசனை, கீழே சாம்பல் நிறத்தில் விரியும் கடல். நாக்கு நுனிவரை 'சரி' வந்துவிட்டது.

"மறுபடி வை," என்றாள்.

"வேணாம். நான் சொல்றதக் கேளு."

"முதல்லேருந்து வை. இந்தத் தடவ போன எடுக்காத."

ஹாலிஸ் கதவைச் சாத்தினான். தடித்த ஒலிகளுக்கு அழுத்தினாள். பிறகு அந்த ஊசிமுனை இடம் வந்தது. தொலைவில் ஏதோ கூப்பிட்டது. கட்டைவிரல் தானாக எழும்பியது. வந்ததா, நான் வரவழைத்ததா என்று கேட்டுக்கொண்டாள். பதில் தெரியவில்லை. அழுத்தாமல் விரலை விலக்கினாள். இன்னொரு முறை கூப்பிட்டது, அதே கேள்வி, விரல் அசையவில்லை. பதினான்கு வருடத்தில் அவ்வளவு நீளமான அமைதியில் அவள் உட்கார்ந்ததில்லை.

ஹாலிஸ் எண்களை எழுதி, 'தேறவில்லை' என்ற கட்டத்தில் குறி போட்டு, தாளை அவளிடம் நீட்டினான்.

பரோஸ் விமானக் கூடத்தில் இருந்தார். தாளைப் படித்தார்.

"ஜூன்ல கட்டாயம் வரேன்னு சொன்னியேம்மா."

"நீங்க போயிட்டு வாங்க சார். இன்னொண்ணு சொல்லணும். போன மாசம் தெக்குப் பக்கம் ஒண்ணு இருக்குன்னேனே, அது நழுவலன்னு நினைக்கறேன். அங்க யாருமே இல்ல."

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். சொல்ல வாய் வரல."

ஒரு மணிக்கு அவள் உயிர்காப்புச் சட்டைகள் இருக்கும் அறையில், ஒவ்வொன்றின் தேதியையும் சரிபார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். ஞாயிறு மாலைவரை அதுதான் வேலை என்று சொல்லியிருந்தார்கள். எஞ்சின்கள் கிளம்பின. ஜன்னல் கண்ணாடி நடுங்கத் தொடங்கியது. சட்டையைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியில் உள்ளங்கையைப் பதித்தாள். நடுக்கம் மணிக்கட்டு வழியாக ஏறித் தோள்வரை வந்தது, மெதுவாகத் தேய்ந்தது, கண்ணாடி வெறும் கண்ணாடியாயிற்று. அப்புறமும் அவள் கையை எடுக்கவில்லை.