தாய்மாமன் பேருக்குத் தனி எழுத்து

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் 'ஜெயசெல்வி கிராபிக்ஸ்' என்று போர்டு தொங்குகிறதே, அது என் கடை. ஃபிளெக்ஸ், பத்திரிகை, வெப்சைட் மூன்றும் செய்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் எனக்கே டிசைன் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். பரளச்சி கருத்தப்பாண்டி அண்ணன் அப்படியில்லை என்று நம்பியது என் தப்பு.

அவர் மகள் தங்கலட்சுமிக்குக் கல்யாணம். எட்டு நாள்தான் இருந்தது. அச்சடித்த பத்திரிகை ஊரெல்லாம் போய்விட்டது. இப்போது போனில் திறக்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்றார்.

"யாருக்குண்ணே? வெளிநாட்டுச் சொந்தமா?"

"மல்லாங்கிணறு மச்சானுக்கு" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

அந்த மச்சான் அவர் மனைவியின் அண்ணன் வெள்ளத்துரை. பத்து வருஷத்துக்கு முன்னால் தங்கலட்சுமி வயசுக்கு வந்த சடங்குப் பத்திரிகையில், இடம் பத்தவில்லை என்று எந்தக் கடைக்காரனோ கடைசி வரியை வெட்டிவிட்டான். வெட்டுப்பட்டது தாய்மாமன் பேர். எங்கள் பக்கம் பந்தியில் இலை போட மறந்தால்கூட மன்னித்துவிடுவார்கள், பத்திரிகையில் பேர் விட்டுப்போனால் மன்னிக்க மாட்டார்கள். சீர் வண்டியைப் பாதி வழியில் திருப்பிக்கொண்டு போனவர், அப்புறம் பரளச்சிப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. போன மாதம் புருஷனும் பெண்டாட்டியும் வெற்றிலை பாக்கோடு போய் நின்றபோதும் கேட்டைத் திறக்கவில்லை. மாமா மாலை எடுத்துக் கொடுக்காமல் மணமேடை ஏறமாட்டேன் என்று இந்தப் பெண் வேறு அடம்பிடிக்கிறாள்.

"கேட்டப் பூட்டிக்கிடலாம் தாயி. போனப் பூட்டிக்கிட முடியுமா?" என்றார் அண்ணன்.

எனக்கு அது பிடித்துப்போனது. அன்றைக்கே பக்கத்தைச் செய்து முடித்து, எல்லார் பேரையும் நல்ல தமிழ் ஃபாண்ட் ஒன்றில் போட்டுக் காட்டினேன்.

"இந்த எழுத்து என்ன விலை?"

"இலவசம்ணே. யார் வேணும்னாலும் எடுத்துக்கிடலாம்."

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "மச்சானுக்கு ரேசன் அரிசியப் பொங்கிப் போடச் சொல்றியா? மத்தவுக பேரு இதுலயே இருக்கட்டும். அவுக பேரு மட்டும் காசு குடுத்து வாங்குன எழுத்துல வரணும். அந்தா இருக்குல்ல, அது மாதிரி!"

அவர் கை காட்டியது சுவரில் மாட்டியிருந்த கோயில் கொடைத் திருவிழா ஃபிளெக்ஸை. தடித்த, வளைந்த, மீசை வைத்த எழுத்து. "அது போர்டுக்குத்தாண்ணே ஆகும், போனுக்கு ஆகாது" என்றேன். "நீ போட்டுக் காட்டு" என்றார். போட்டேன். என் திரையில் வெள்ளத்துரை என்ற பேர் சிம்மாசனத்தில் உட்கார்ந்தது. அண்ணன் கண் கலங்கிவிட்டது. அடுத்தவர் கண் கலங்கினால் என் மூளை நின்றுவிடும். அண்ணனிடம் இருப்பது பட்டன் போன் என்பதால், கடைக் கம்ப்யூட்டரில் இருந்தே மச்சான் நம்பருக்கு லிங்க்கைக் கடைப் பேரோடு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை கடை திறந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, நரைத்த மீசையோடு ஒருவர் மல்லாங்கிணறு பஸ்ஸில் இருந்து இறங்கி நேராக வந்தார். மேசையில் போனை வைத்தார்.

"ஏம்மா, இது உன் வேலையா?"

எல்லார் பேரும் தமிழில் இருந்தது. தாய்மாமன் பேர் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் ஆங்கில எழுத்தும் கமாவும் அரைப்புள்ளியும் கூட்டமாகக் கிடந்தன.

"பத்து வருசத்துக்கு முன்ன பேர விட்டான். இப்ப என்னமோ இங்கிலீசுல வைஞ்சிருக்கான். என்ன வைஞ்சிருக்கான்னு படிச்சுச் சொல்லு. திருச்சுழி போலீஸ் ஸ்டேசன்ல எழுதிக் குடுக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஃபிளெக்ஸ் ஃபாண்ட் பழைய ரகம். ஆங்கில எழுத்தின் மேல் தமிழைப் போர்த்தி வைத்திருப்பார்கள். அந்த ஃபாண்ட் இல்லாத போனில் போர்வை விலகி அடியில் உள்ளது தெரியும். தொழிலுக்கு வந்த முதல் மாதமே படித்த பாடம் இது. என் போனில் ஒருதரம் திறந்து பார்த்திருந்தால் போதும். வெட்கமாக இருந்தது. கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினேன்.

வெள்ளத்துரை என் திரையைப் பார்த்தார், தன் போனைப் பார்த்தார். "இங்க ராசாவா இருக்கேன். இங்க திருட்டுப்பயலாட்டம் இருக்கேன்!"

"தப்பு என்னோடதுய்யா. ஓசி எழுத்துல மச்சான் பேரப் போடக்கூடாதுன்னு அண்ணன் தனி எழுத்து கேட்டாக. ரேசன் அரிசியவா பொங்கிப் போடன்னு என்னைய வைஞ்சாக. பேரைப் பாத்துக் கண்ணு கலங்கிருச்சு அவுகளுக்கு."

"கருத்தப்பாண்டியா? கண்ணு கலங்குனாரா?"

"ஆமாய்யா."

அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அந்தப் பேரை ஒழுங்கான தமிழில் மறுபடி அடித்து, அதே இலவச ஃபாண்டில் இருப்பதிலேயே தடித்த எழுத்தாக வைத்தேன். இந்த ஃபாண்ட் பக்கத்தோடு சேர்ந்தே எந்தப் போனுக்கும் போய்விடும். அவருடைய விரிசல் விழுந்த போனில் வெள்ளத்துரை என்று பளிச்சென்று வந்தது. அழிகிறதா என்று விரலால் தேய்த்துப் பார்த்தார். நம்பிக்கையில்லாமல் மூன்று பேருக்கு அனுப்பி, மூன்று பேரையும் கூப்பிட்டு, "எம் பேரு தெரியுதாலே?" என்று கேட்டார். தெரிகிறதாம். இதுதான் அண்ணன் வேண்டாமென்ற ஓசி எழுத்து என்றேன்.

"இம்புட்டு நல்ல எழுத்த யாரு சும்மா குடுக்கா? அவுகளுக்கு என்ன லாபம்?"

"எடுத்துக்கோ, மாத்திக்கோ, யாருக்கு வேணும்னாலும் குடுங்கிறாக. செஞ்சவங்க பேரு இருக்கிற தாளை மட்டும் எழுத்தோட வச்சிருக்கணும், அதை எடுக்கக்கூடாதுங்கிறாக."

பெரியவர் நிமிர்ந்துவிட்டார். "அப்படியா எழுதியிருக்கு?"

ஃபாண்டோடு வந்த உரிமத்தைத் திறந்து காட்டினேன். முதல் வரியில் ஒரு பேர். இவாஞ்சலின்.

"எந்த ஊருப் பிள்ள?"

"தெரியாதுய்யா."

"பேர எடுக்கக்கூடாதுன்னு சட்டமாவே எழுதிட்டாளே! வெவரமான பிள்ள. பத்து வருசமா நான் வாயால சொல்லிக்கிட்டுத் திரியுறேன்." போனில் பக்கத்தை மேலும் கீழும் தள்ளினார். "பத்திரிகையில அவ பேரு எங்க?"

"உள்ள ஃபைல்ல இருக்குய்யா. அது போதும். வெளிய போடணும்னு இல்ல."

"அதெப்படி? எல்லார் பேரையும் எழுதுனது அவ எழுத்து. அவ பேர மட்டும் உள்ள ஒளிச்சு வப்பீகளா? போடு."

"எங்கய்யா போட?"

"நல்வரவை விரும்பும்னு இருக்குல்ல, அதுல. எம் பேருக்குப் பக்கத்துல."

"இடம் பத்தாதுய்யா. உங்க பேரு தடிச்ச எழுத்து. அதுவே வரியை அடைச்சுக்கிட்டு நிக்குது."

பெரியவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து வருஷம் கழித்து வந்த பேர். விரலால் அதை இன்னொரு தரம் தேய்த்தார்.

"எம் பேரச் சின்னதாக்கு" என்றார்.

ஆக்கினேன். இரண்டு பேர்களும் ஒரே வரியில் அடங்கின. அவர் அதைச் சரிபார்த்துவிட்டு, கருத்தப்பாண்டி அண்ணனைக் கூப்பிட்டார்.

"மாப்ள, மாலைக்குச் சொல்லிட்டீகளா? வேண்டாம்னுருங்க. நான் கொண்டாரேன். பெறகு, பத்திரிகையில இவாஞ்சலின்னு ஒரு பேரு இருக்கும். யாருன்னு எவனாச்சும் கேட்டா, மல்லாங்கிணத்து வீட்டுப் பிள்ளைன்னு சொல்லுங்க."