முணுமுணுவின் வளர்ச்சிக் கோப்பு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என்னிடம் யாரும் கதை கேட்கவில்லை. ஒரு பத்திரிகை ஆசிரியர் போன் செய்து, "டீச்சர், முப்பத்தொரு வருஷம் மொழிப்பாடம் நடத்தியிருக்கீங்க. மறக்க முடியாத மாணவர்னு ஒரு கட்டுரை குடுங்க. படிக்கிறவங்களுக்குக் கண்ணு கலங்கணும்" என்றார். கண் கலங்க வேண்டுமென்றால் வெங்காயம் நறுக்கச் சொல்லலாம். ஆனாலும் பத்திரிகையில் பெயர் வருகிறதே என்ற ஆசையில் உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது:

"அந்தச் சிறுமி என் வகுப்பறைக்குள் நுழைந்த நாள் இன்றும் என் கண்முன்னே—"

[பொய். அவள் நுழைந்த நாள் எனக்குச் சுத்தமாக நினைவில்லை. நாற்பத்தாறு பேர் இருந்த வகுப்பு அது.]

இரண்டாவது:

"ஒரு மாணவியின் வளர்ச்சியில் ஆசிரியரின் பங்கு என்பது—"

[இந்த வாக்கியத்தை ஆயிரம் பிள்ளைகளை எழுத வைத்தவள் நான். உடனே அடித்துவிட்டேன்.]

மூன்றாவது: "அவளுடைய கோப்பில் நான் தேதியை மாற்றினேன்."

இது உண்மை. எழுதியதுமே கட்டுரைக்கு ஆகாது என்று தெரிந்துவிட்டது. கட்டுரைகளில் வரும் டீச்சர்கள் மெழுகுவர்த்தியாக உருகுவார்களே தவிர தேதியை மாற்ற மாட்டார்கள். ஆகவே இதைக் கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். கதைக்காக யாரும் என்மேல் விசாரணை வைக்க மாட்டார்கள்.

அவளுக்கு வகுப்பில் முணுமுணு என்று பெயர். பிள்ளைகள் வைத்தது. எழுதும்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்க்குள் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் தாளில் இறக்குவாள். பக்கத்தில் உட்கார்ந்தவள், "மிஸ், இவ என் காதுக்குள்ளயே பேசிக்கிட்டு இருக்கா" என்று தினமும் புகார் செய்வாள். "வாயை மூடிக்கிட்டு எழுதும்மா" என்று நானும் தினமும் சொல்வேன். ஒரு வருடம் விடாமல் சொன்னேன். கடைசியில் மூடிக்கொண்டாள்.

2

முதல் மாதக் கட்டுரைக்குத் தலைப்பு, "விடுமுறையை நான் கழித்த விதம்". நாற்பத்தைந்து பேர் மாமா வீட்டுக்கும் கடற்கரைக்கும் போய் "மட்டற்ற மகிழ்ச்சி" அடைந்திருந்தார்கள். அதில் பாதிப் பேருக்கு மாமாவே கிடையாது. முணுமுணுவின் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. லீவில் பிள்ளையை வீட்டில் விட முடியாமல் கூடவே கூட்டிப் போயிருக்கிறாள். அவள் எழுதியதிலிருந்து கொஞ்சம் அப்படியே தருகிறேன். அந்தத் தாள் இப்போது என் மேசை மேல்தான் இருக்கிறது.

"பெரிய போர்வையை ஒருத்தரே மடிக்க முடியாது. அந்த முனையை அம்மா பிடிப்பாங்க இந்த முனையை நான் பிடிப்பேன். உதறுவோம். பிறகு நடந்து வந்து முனையோடு முனை சேர்ப்போம். அப்போது அம்மா முகம் என் முகத்துக்குப் பக்கத்தில் வரும். ஒரு வாக்கியம் சொல்வாங்க. பிறகு தூரமாகப் போய்விடுவாங்க. மெஷின் சத்தத்தில் தூரத்திலிருந்து பேசினால் கேட்காது. அதனால் அடுத்த வாக்கியம் அடுத்த போர்வைக்குத்தான். அப்பா இனிமேல் நம் கூட இருக்கமாட்டார் என்பதை அம்மா ஐந்து போர்வையில் சொன்னாங்க. ஆறாவது போர்வையில் நான் ஏன் என்று கேட்டேன். ஏழாவது தலையணை உறை. அதை ஒருத்தரே மடிக்கலாம்."

பதின்மூன்று வயது.

திருத்தக் குறிப்பைத் தனிச் சீட்டில் எழுதித் தாளில் குண்டூசியால் குத்துவது எங்கள் பள்ளி வழக்கம். நான் குத்திய சீட்டு: "பேச்சு வழக்கு கூடாது. முன்னுரை எங்கே? முடிவுரை எங்கே? தலைப்பை ஒட்டி எழுதவும். 4/10."

(இங்கே ஓர் அடிக்குறிப்பு. அதைப் படித்தபோது என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து இன்னொரு தடவை படித்தேன். அப்புறம்தான் நாலு போட்டேன். எழுந்து போனதும் நாலு போட்டதும் ஒரே ஆள்தான் என்பதை வாசகர் கவனிக்கவும்.)

3

இப்போது கோப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொஞ்சம் அலுப்பான சமாசாரம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் "வாசிப்பு, எழுத்து வளர்ச்சிக் கோப்பு" என்று ஒன்று உண்டு. முதல் மாதக் கட்டுரை ஒன்று, கடைசி மாதக் கட்டுரை ஒன்று, வாசிப்பு அட்டை ஒன்று. ஆண்டு முடிவில் பார்வையிட வருகிறவர்கள் அதைப் புரட்டுவார்கள். "வளர்ச்சி பளிச்னு கண்ணுல படணும் டீச்சர்" என்பார் தலைமை ஆசிரியர். எப்படிப் படும்? முதல் கட்டுரைகளைத் தொலைத்துவிட்ட டீச்சர்கள், கடைசி வாரத்தில் பிள்ளைகளை உட்கார வைத்து, "வருஷ ஆரம்பத்துல எழுதின மாதிரி கொஞ்சம் மோசமா ஒண்ணு எழுதுங்கடா" என்பார்கள். வருடம் முழுக்கப் பேனாவைத் தொடாத பிள்ளைகள்கூட அன்றைக்கு அப்படி ஓர் ஆர்வத்தோடு எழுதும். நான் அப்படியெல்லாம் செய்ததில்லை. எனக்கிருந்தது சோம்பல் மட்டும். எல்லாத் தாளுக்கும் கடைசி வாரத்தில்தான் மொத்தமாகத் தேதி முத்திரை குத்துவேன்.

வாசிப்பு அட்டையில் இருபது வரிசை. முணுமுணு அதில் ஏழு வரிசையில் ஒரே புத்தகத்தின் பெயரை எழுதியிருந்தாள். எதிரே கருத்து. முதல் தடவை: "புரியவில்லை." இரண்டாவது: "அந்த அக்கா பொய் சொல்கிறாள்." மூன்றாவது: "பொய் இல்லை, நான் அவசரமாகப் படித்துவிட்டேன்." ஐந்தாவது: "அக்காவுக்கே அது பொய் என்று தெரியாது." ஏழாவது: "இந்தக் கதை எழுதினவருக்கும் தெரியாது."

"என்னம்மா இது? இருபது புத்தகம் படிக்கச் சொன்னா ஒண்ணையே திருப்பித் திருப்பி எழுதி வச்சிருக்கே?"

"ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி இருக்கு மிஸ்."

"அதெல்லாம் வேண்டாம். புது அட்டை தரேன், ஒழுங்கா எழுதிக் குடு."

நூலக அலமாரியிலிருந்து வரிசையாக இருபது பெயர்களை எழுதிக்கொண்டு வந்தாள். கருத்து இருபதுக்கும் "மிக நன்று". நான் கையெழுத்துப் போட்டேன்.

கடைசி மாதமும் அதே தலைப்புதான். அவள் எழுதியது: "விடுமுறை என்பது மாணவர்களுக்குக் கிடைத்த ஒரு வரப்பிரசாதம் ஆகும். என் தாயார் பணிபுரியும் இடத்திற்குச் சென்று அவருக்கு உதவினேன். இதனால் உழைப்பின் மேன்மையை உணர்ந்தேன்." முன்னுரை, உடல், முடிவுரை, மூன்று பத்தி. பிழை ஒன்றுகூட இல்லை. ஒன்பதரை போட்டேன்.

முத்திரை குத்தும் நாளில் இரண்டு தாளும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பிள்ளை வளரவில்லை. ஒரு வருடம் என் கையில் இருந்து தேய்ந்து போயிருக்கிறாள். பார்க்கிறவர்களுக்கு அது தெரிந்துவிடும். பளிச்சென்று தெரியும்.

நடுங்கும் கைகளோடு நான்—

[நடுங்கவில்லை. வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருந்தேன்.]

சீட்டுகளைக் கழற்றினேன். போர்வைக் கட்டுரைக்குக் கடைசி மாதத் தேதியும், வரப்பிரசாதத்துக்கு முதல் மாதத் தேதியும் குத்தினேன். அவ்வளவுதான். பார்வையிட வந்த அம்மாள் போர்வைக் கட்டுரையை எல்லோருக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டினார். "இந்தப் பொண்ணை எங்கேயிருந்து எங்கே கொண்டுவந்து சேர்த்திருக்காங்க பாருங்க!" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்த வருடத்தின் சிறந்த மொழி ஆசிரியை நான்தான். சான்றிதழ் கூடத்தில் மாட்டியிருக்கிறது, வந்தால் பார்க்கலாம்.

4

கோப்பைப் பெற்றோர் பார்வைக்கு வைத்தார்கள். அவளும் பார்த்துவிட்டாள். மறுநாள் காலை, வருகைப்பதிவு எடுக்கும்போது மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மிஸ், என்னோடதுல தேதி மாறிப் போச்சு."

"தெரியும். யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காதே."

"சரி மிஸ்." போகவில்லை. "அப்போ முதல்ல எழுதினதுதான் நல்லா இருந்துச்சா மிஸ்?"

ஆமாம் என்று ஒரு சொல். அதற்கு எவ்வளவு நேரமாகிவிடும்? ஆனால் ஆமாம் என்றால் நாலு மார்க் தப்பு, மூன்று பத்தி தப்பு, வாயை மூடச் சொன்னது தப்பு, சான்றிதழ் தப்பு. நாற்பத்தைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சு. போய் உட்காரு."

போய் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு பள்ளியை விட்டுப் போகும்வரை மொழிப்பாடத்தில் அவளுக்கு மார்க் ஒன்பதுக்குக் குறையவில்லை. பழைய கோப்புகளெல்லாம் எடைக்குப் போனபோது அந்த ஒரு தாளை மட்டும் உருவிக்கொண்டு வந்து வைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

5

முடிவுக்கு இரண்டு மாதிரி எழுதிப் பார்த்தேன்.

அ. பதினைந்து வருடம் கழித்து அவளைத் தேடிப் பிடிக்கிறேன். "முதலாவதுதான் நல்லா இருந்துச்சும்மா" என்கிறேன். அழுகிறேன். அவள் என் கையைப் பற்றிக்கொள்கிறாள். அன்றைக்கே மறுபடியும் எழுதத் தொடங்குகிறாள்.

ஆ. அவள் பெரிய எழுத்தாளராகிவிடுகிறாள். மேடையில் என்னைப் பார்த்து—

[இதற்கு மேல் எழுத எனக்கே வெட்கமாக இருந்தது.]

என் வீட்டுக்காரர் இரண்டையும் படித்தார். "ரெண்டுலயும் நீதான் ஜெயிக்கிறே" என்றார். "தப்பு பண்ணினதும் நீ, கைதட்டு வாங்குறதும் நீயா? நல்ல கூத்துடி இது." கோபம் வந்தது. மனுஷன் சொன்னது சரி என்பதால் வந்த கோபம். அதனால் பழைய மாணவி ஒருத்தியிடம் நம்பர் வாங்கி முணுமுணுவுக்கே போன் செய்தேன். இதுவரை உள்ள ஐந்து பகுதிகளையும் பிரிண்ட் எடுத்து வைத்தேன்.

6

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தாள். இருபத்தெட்டு வயது. வீட்டுச் சாமான் விற்கும் கம்பெனியில் புகார்களுக்குப் பதில் எழுதும் பிரிவில் மேற்பார்வையாளர். அம்மா இப்போது வேலைக்குப் போகவில்லை, தான்தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

"ஒரு நாளைக்கு அறுபது பதில் எழுதணும் மிஸ். முதல் பத்தியில வருத்தம், ரெண்டாவதுல விளக்கம், மூணாவதுல நன்றி. புதுசா வர்றவங்களுக்கு நான்தான் சொல்லித் தர்றேன். நீங்க குடுத்த மூணு பத்திதான் மிஸ் எங்களுக்குச் சோறு போடுது."

கேலி செய்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அதைவிடக் கேலியே செய்திருக்கலாம்.

நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். "அன்னைக்குக் கேட்டியேம்மா. முதல்ல எழுதினதுதான் நல்லா இருந்துச்சு."

"தெரியும் மிஸ்."

"தெரியுமா?"

"நல்லா இல்லேன்னா ஏன் தேதியை மாத்தப் போறீங்க? அன்னைக்கே தெரியும். உங்களுக்கும் தெரியும்னும் தெரியும்." டீயை ஒரு வாய் குடித்தாள். "தெரிஞ்சும் அடுத்த வருஷம் என் தங்கச்சிக்கும் அதே மூணு பத்தியைத்தானே சொல்லிக் குடுத்தீங்க? அவ எழுதினதை எடுத்துட்டு வந்து காட்டினா. அன்னைக்குத்தான் எழுதுறதை விட்டேன் மிஸ்."

அவளுக்குத் தங்கை உண்டு என்பதே எனக்கு நினைவில்லை. அதற்கப்புறமும் பதினான்கு வருடம் நடத்தினேன் அந்த மூன்று பத்தியை. எத்தனை தங்கைகளோ.

பேச்சை மாற்றத்தான் தாள்களை நீட்டினேன். வாய் அசையாமல் படித்தாள். நடுவில் ஒரு முறை சிரித்தாள்.

"அ முடிவுல நான் உங்க கையைப் பிடிக்கிறேனே, எதுக்கு மிஸ்?"

"அது சும்மா, கதைக்கு..."

"நீங்க அழுறதா வேற போட்டிருக்கீங்க. இப்போகூட நீங்க அழலையே." பக்கங்களைத் திருப்பினாள். "ஒண்ணாவது பகுதியில உங்களை நீங்களே திட்டிக்கிறீங்க. ஆனா யாரும் உங்களை வெறுத்துடக் கூடாதுன்னு பார்த்துப் பார்த்துத் திட்டியிருக்கீங்க. அங்கங்க ஜோக் வேற."

முப்பத்தொரு வருடத்தில் என் எழுத்தை இப்படி யாரும் படித்ததில்லை. இவளைத்தான் நான் இருபது தடவை "மிக நன்று" எழுத வைத்தேன்.

இரண்டாம் பகுதிக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள். மேசை மேல் கிடந்த பழைய தாளை எடுத்து, நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"இந்த ரெண்டாவது பகுதியை எடுத்துடுங்க மிஸ். இது எங்கம்மா எனக்கு மட்டும் சொன்னது. மார்க்குக்காக ஒரு தடவை வெளிய சொல்லிட்டேன். போதும்."

"அதை எடுத்துட்டா கதையே இல்லாம போயிடுமேம்மா."

"எனக்கும் அப்படித்தான் மிஸ் ஆச்சு" என்றாள்.

எடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். சத்தியமாக என்றேன். சரி என்று டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

7

அவள் போனபிறகு இரண்டாம் பகுதியை நீக்கிப் படித்துப் பார்த்தேன். ஒரு கிழவி தன்னைத் தானே திட்டிக்கொள்வது மட்டும் மிஞ்சியது. அவள் சொன்ன மாதிரியே அங்கங்கே ஜோக். என் சொற்களில் மாற்றி எழுதலாம் என்று முயன்றேன். "போர்வை மடிக்கும் பணியின்போது தாயும் மகளும்—" என்று வந்தது. கையை எடுத்துவிட்டேன்.

பத்திரிகை ஆசிரியருக்கு வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம்.

இதற்கு முடிவு எழுத நான் தயாராக இல்லை. உங்களிடம் விடுகிறேன் என்று நயமாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் ஏமாற மாட்டீர்கள். ஒன்றாம் பகுதிக்கு அடுத்து இரண்டாம் பகுதியைப் படித்துவிட்டுத்தானே இங்கே வந்திருக்கிறீர்கள்? அப்படியென்றால் சத்தியம் என்ன ஆயிற்று என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இத்தனையிலும் உங்களுக்குப் பிடித்தது அந்த ஒரு பத்திதான் என்பதும் எனக்குத் தெரியும்.

அவளும் இதைப் படிப்பாள். படித்துவிட்டு என்ன செய்வாள் என்பதை வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அதில் என்னை மன்னித்துவிடாதீர்கள்.