பக்கத்துக் கொடி

மழை விட்டதும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து எங்கள் திராட்சைக்கு மறுபடி மருந்தடித்தேன். அப்படியே வேலி தாண்டி கிரிகோரேயின் கொடிகளுக்கும் அடித்தேன். மால்டோவாவில் பாதிப்பேரைப் போல அவனும் இத்தாலிக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். அவன் கொடியில் பூஞ்சை விழுந்தால் எங்கள் கொடிக்கும் வந்துவிடும்.

"அவனுக்குச் சம்பளமில்லாத ஆளா நீ?" என்றாள் என் மனைவி அக்சினியா. மருந்தின் நீலம் பிடித்த என் சட்டையைத் துவைக்கவும் மாட்டாளாம்.

ஜூலையில் கிரிகோரே விடுமுறைக்கு வந்தான். இலையிலிருந்த நீலத்தை முந்தின நாள் மழை கழுவியிருந்தது. கொத்துகளைப் பார்த்துப் பூரித்துப்போனான்.

"பாத்தியாடா? ஒரு சொட்டு மருந்து கிடையாது, ஒரு நோவும் இல்ல. நீதான் வருஷா வருஷம் விஷத்த அடிச்சு மண்ணக் கெடுக்குற!"

அக்சினியா என்னை முறைத்தாள்.

அவனை இத்தாலி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து, இரண்டு தோட்டத்துக்கும் சேர்த்து மயில்துத்தம் கரைத்தேன்.