லாபம், இரண்டு, மூன்று

தங்கராசா வாத்தியார் மேசையில் பிரம்பால் இரண்டு தரம் அடித்தார். நாலாம் வகுப்பு வாயை மூடிக்கொண்டது. பத்து வருசமாக இதே கதைதான். கொஞ்ச நேரத்தில் பின்வாங்கில் ஒருவன் முணுமுணுப்பான், மறுபடியும் கத்தி அவருக்குத் தொண்டை கட்டும். மாசி அறுவடை தொடங்கியதிலிருந்து பாதி வகுப்பு வயல்வட்டையில் குருவி விரட்டப் போய்விட்டது.

ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம் சீதேவிப்பிள்ளை டீச்சரின் இரண்டாம் வகுப்பு. நாற்பது பிள்ளைகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. ஆளுக்கொரு பிடி நெல்லோடு வயலிலிருந்து நேரே ஓடி வருவார்கள். அதைக் கொட்டிச் சிரட்டையால் அளந்துதான் கணக்கு. இரைச்சல் கூடினால் டீச்சர் தன் குரலைத் தாழ்த்துவார். உடனே நாற்பது தலையும் அவர் பக்கம் சாயும். தட்டியின் ஓட்டையால் அதைப் பார்க்கும்போதெல்லாம் தங்கராசாவுக்குக் கோயிலில் திரை விலகும்போது வருகிற நடுக்கம் வரும். மனுசி என்னதான் செய்கிறாவோ என்று நினைத்துக்கொள்வார்.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்தைச் சோதிக்க வித்தியாதரிசி வந்தார். சீதேவிப்பிள்ளைக்குத் தற்காலிக வேலை. வித்தியாதரிசி 'சரி' என்று எழுதினால் அது நிலைக்கும். இல்லாவிட்டால் நாளையிலிருந்து தோணியில் வாவி கடந்து வரத் தேவையில்லை. படுத்த படுக்கையாய்க் கிடக்கும் புருசனுக்கும் அவருக்கும் அந்தச் சம்பளம்தான் சோறு.

ஜோர்ஜ் மன்னரின் படத்துக்குக் கீழே நாலாம் வகுப்பு கைகட்டி இருந்தது. ஒரு கேள்வியும் கேட்காமல், "நல்ல ஒழுங்கு" என்றார் வித்தியாதரிசி. தட்டியைத் தாண்டியதும் அவர் முகம் சுருங்கியது. பிள்ளைகள் நெல்லைச் சுற்றிக் குந்தியிருந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இது பள்ளிக்கூடமா, சந்தையா?"

"கணக்குப் படிக்கிறாங்க ஐயா. கேட்டுப் பாருங்க" என்றார் டீச்சர்.

வித்தியாதரிசி முன்னாலிருந்த கண்ணகை என்ற பிள்ளையைக் காட்டினார். "நீ எண்ணு."

கண்ணகை சிரட்டையால் நெல்லை அள்ளினாள். "லாபம், ரெண்டு, மூண்டு, நாலு..."

"நிப்பாட்டு. ஒன்று எங்கே?"

"நெல்லளக்கக்குள்ள ஒண்டு எண்டு சொல்லப்படாது ஐயா. லாபம் எண்டுதான் தொடங்கணும்."

வித்தியாதரிசி தங்கராசாவைப் பார்த்தார். "நீர் இந்த ஊர்தானே. இங்கே இப்படித்தான் எண்ணுவார்களா?"

போன கிழமை தன் சொந்த வயலில், லாபம் என்று தொடங்கித்தான் தங்கராசா நெல் அளந்தார். டீச்சர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வித்தியாதரிசியின் பேனா திறந்திருந்தது.

"என்ட வகுப்பில அப்படி இல்ல ஐயா" என்றார் தங்கராசா.

'ஒன்று தெரியாது. கட்டுப்பாடும் இல்லை' என்று எழுதி வித்தியாதரிசி ஒப்பமிட்டார். சீதேவிப்பிள்ளை குடையை எடுத்துக்கொண்டு தோணித்துறைக்கு நடந்தார்.

மறுநாள் காலை தட்டி இல்லை. இரண்டு வகுப்பும் ஒன்றாகிவிட்டன. தங்கராசா மேசையில் அடித்தார். முதல் அடியிலேயே எல்லாரும் அடங்கினார்கள். புதிய பிள்ளைகள் நாற்பது பேரும் மடியில் கையைப் பொத்தி வைத்திருந்தார்கள்.

"என்ன ஒளிக்கிற? நீட்டு கைய." அவர் பிரம்பை ஓங்கினார்.

கண்ணகை நீட்டி விரித்தாள். ஒரு பிடி நெல். பக்கத்துப் பிள்ளையும் விரித்தது. சொல்லாமலே நாற்பது கையும் நீண்டன.

கண்ணகை ஏதோ கேட்டாள். அவ்வளவு தாழ்ந்த குரல். ஓங்கிய பிரம்போடு தங்கராசா குனிந்தார்.

"டீச்சர்ர தோணி இன்னும் வரல்லியா ஐயா?"