கீழே போன சமையலறை

எங்கள் வீட்டுச் சமையலறை கீழே போய்க்கொண்டிருக்கிறது. கூடம் அப்படியே இருக்கிறது. நான் கூடத்தில் இருக்கிறேன். என் மனைவி செங்கமலம் சமையலறையில் இருக்கிறாள்.

பூமிக்கு அடியில் நிலக்கரி வெட்டுகிறார்கள். வெட்டிய இடம் காலியாகிறது, மேலே இருப்பது உட்காருகிறது. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? முதலில் ஒரு படி அளவுக்கு இறங்கியது. அவள் காபியை எட்டிக் கொடுத்தாள், நான் குனிந்து வாங்கிக்கொண்டேன். பிறகு தரையில் படுத்துக்கொண்டு வாங்கினேன். பிறகு கயிற்றில் வாளி கட்டினோம்.

"மேல ஏறி வந்துடேன்டி," என்றேன்.

"அடுப்புல குழம்பு கொதிக்குதுங்க," என்றாள்.

கேஸ் சிலிண்டர் மேலேயே நின்றுவிட்டது. அதனால் ஒன்றும் குறைவில்லை. அவள் பக்கத்துச் சுவர் விரிசலில் தீக்குச்சியைக் காட்டினால் நீலமாக எரிகிறது. அதில்தான் சமைக்கிறாள்.

கொல்லைக்குப் பின்னால் ஒரு ஓடை இருந்தது. ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் வெறும் பாறை கிடக்கிறது, குறுக்கே ஒரு வெடிப்பு. தண்ணீர் முழுக்க அதற்குள் போய்விட்டது. கெண்டை மீன்கள் பாறை மேல் வாலூன்றி நின்று ஒன்றையொன்று குற்றம் சொல்லிக்கொண்டிருந்தன. மீன்கொத்தி எங்கள் கூடத்துக் குழாய் மேல் வந்து உட்கார்ந்தது. குழாயில் காற்றுதான் வந்தது. அது காற்றையே குறி பார்த்தது.

அன்று சாயங்காலம் கீழேயிருந்து குரல் வந்தது.

"என்னங்க, ஓடை இங்க வந்திருக்கு."

"எங்க?"

"பாத்திரம் கழுவுற தொட்டிக்குக் கீழ. துரு நிறமா ஓடுது. ஆனா நம்ம ஓடைதான். அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? தவளையெல்லாம் அரிசி டின்னுல இருக்கு. ஆமை ஒண்ணு வந்திருக்கு. நீர்நாய் குட்டியோட அலமாரில படுத்திருக்கு. இருமிக்கிட்டே இருக்குங்க, பாவம்."

"நீ மொதல்ல மேல வா."

"இதுங்கள யாரு பாக்குறது?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். நான் முக்கியமா, தவளை முக்கியமா என்று கத்தினேன். இப்போதெல்லாம் குரல் போய்ச் சேரவே நேரமாகிறது. பதில் வருவதற்குள் காபி ஆறிவிட்டது.

"நீங்க இறங்கி வாங்களேன்," என்றாள்.

அட, இது எனக்குத் தோன்றவே இல்லை. மனசு குளிர்ந்துவிட்டது. "ஏணி எடுத்துட்டு வர்றேன், இரு," என்று கத்திவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சுரங்க ஆபீசுக்குப் போனேன்.

ஆபீஸ் வராந்தா சாய்ந்திருந்தது. நடக்கத் தேவையில்லை. உட்கார்ந்தேன், அதுவே ஓவர்சியர் தேவசகாயத்தின் மேசையில் கொண்டுபோய் விட்டது. எனக்கு முன்னால் ஒரு கொக்கு நின்றிருந்தது.

"ஏணி வேணும் சார். வீட்டுக்காரி கீழ இருக்கா."

"எவ்வளவு கீழ?"

"பதில் வர்றதுக்குள்ள காபி ஆறிடுது."

"ஆழந்தான்," என்று ஒத்துக்கொண்டார்.

"ஓடையும் அங்கதான் இருக்கு. ஆமை, நீர்நாய் எல்லாம்."

"அப்ப எதுவும் காணாமப் போகலையே அண்ணே. எல்லாம் அதே இடத்துலதான் இருக்கு. கொஞ்சம் கீழ."

"ஏணி?"

"ஏணி எங்ககிட்ட கிடையாது. விரிசல்னா சிமெண்ட்தான்."

"ஐயோ, சிமெண்ட் வேணாம் சார்!"

"மொதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க," என்று அன்பாகச் சிரித்தார். கொக்கு என்னைத் திரும்பிப் பார்த்தது. அதன் கால்கள் முழங்கால் வரை சிமெண்ட்டில் இருந்தன.

திரும்பும்போது வராந்தா ஏற்றமாகிவிட்டது. ஏற ஏற நீண்டது. நான் வீடு சேர்வதற்குள் லாரி சேர்ந்துவிட்டது. தேவசகாயமும் ஆட்களும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போயிருந்தார்கள். ஜன்னல் வழியாகப் பெரிய குழாயை விட்டு, சமையலறை இருந்த பள்ளத்தில் சிமெண்ட் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"நிறுத்துங்கய்யா! உள்ள ஆள் இருக்கு!"

"அவங்கள நாங்க ஒண்ணும் பண்ணல அண்ணே. விரிசலத்தான் மூடுறோம்."

பாய்ந்து போய்க் குழாயைப் பிடித்து இழுத்தேன். மலை மாதிரி கனத்தது.

"நல்லாப் பிடிச்சிருக்கீங்க. அப்படியே இருங்க," என்றார்.

எனக்கு அழுகை வந்தது. பள்ளம் நிரம்பி, கூடத்துத் தரைக்குச் சமமாக வந்து, உடனே இறுகியது. கொல்லைப் பாறையில் ஒரு டேங்கர் தண்ணீரைத் திறந்துவிட்டு, ஓடை திரும்பிவிட்டது என்று கை தட்டினார்கள். கைதட்டல் முடிவதற்குள் தண்ணீர் காய்ந்துவிட்டது.

நான் சிமெண்ட் மேல் விழுந்து காதை வைத்தேன். அப்போதுதான் அவள் பதில் வந்து சேர்ந்தது. எப்போது சொன்னாளோ தெரியவில்லை.

"சரிங்க. உங்களுக்கும் சேர்த்து உலை வச்சிருக்கேன். சீக்கிரம் வாங்க."

"வர்றேன்டி, வர்றேன்!" என்று தரையை அறைந்தேன். பிறகு எழுந்து தேவசகாயத்தின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சார், இந்தக் கூடம் எப்ப இறங்கும்?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே என் தோளில் தட்டினார்.

"இதுக்கு அடியில நிலக்கரியே கிடையாது அண்ணே. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."