வெண்ணெய் மாதிரி வழிந்த இரும்பு

கடைசல் பட்டறை நடத்தும் மைக்ரோ அக்காவுக்கு முதல் சந்தேகம் லேத்தில்தான் வந்தது. இன்ஜினியரிங் படிக்கும் சுருட்டைமுடி மாணவன் ஒருவன் கொடுத்துவிட்டுப் போன கம்பி, உளி பட்டதும் வெண்ணெய் மாதிரி வழிந்தது. நீள நீளமாகச் சுருள். அவன் சொன்ன கெட்டி எஃகு இப்படி வராது. துண்டு துண்டாகத் தெறிக்கும்.

அதில் அவள் கடைந்தது விரல் நீளப் பின், சின்ன அச்சாணி மாதிரி. மாணவன் வரைந்த கயிறுபிடிக் கருவிக்கு அதுதான் உயிர். இரண்டு தகடுகளுக்கு நடுவே கயிறு ஓடும். உயரத்தில் வேலை செய்யும் ஆள் வழுக்கினால், பல் வைத்த துண்டு ஒன்று அந்தப் பின்னில் திரும்பிக் கயிற்றைக் கவ்வும். மறுநாள் அதில் தொங்கிக் காட்ட ஒப்புக்கொண்டிருந்தவன் அக்காவின் தம்பி. உயரமான சுவர்களுக்கு வண்ணம் அடிப்பவன்.

சாயங்காலம் மாணவன் வந்தான்.

"இது கெட்டி இரும்புதானா?"

"ஆமாக்கா. கடையில அப்படித்தான் சொன்னாங்க."

"கடைக்காரன் சொன்னது இருக்கட்டும். நீ பாத்தியா?"

"கணக்கெல்லாம் போட்டாச்சுக்கா." பின்னைத் துணியில் சுற்றினான். கண் அவள் பக்கம் வரவில்லை.

"முதல்ல மணல் மூட்டையைத் தொங்கவிட்டுப் பாரு. அப்புறம்தான் ஆளு."

வீட்டில் தம்பி சிரித்தான். "உனக்கு எதைப் பாத்தாலும் சந்தேகம். தண்ணியைக்கூட மைக்ரோமீட்டர் வெச்சு அளந்துதான் குடிப்ப. அதான் மைக்ரோன்னு பேரு."

மறுநாள் பட்டறையின் பின்கொட்டகையில் உத்தரத்திலிருந்து கயிறு தொங்கியது. கருவி பூட்டித் தயாராக இருந்தது. தம்பி இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தான். அக்கா குனிந்து பார்த்தாள். எந்தப் பின்னைக் கடைந்தாலும் அவள் முனையை லேசாகச் சரித்து விடுவாள். இதன் முனை கூராக நின்றது.

"இது நான் கடைஞ்ச பின் இல்ல."

"அதேதான்கா."

"அப்படியா? அப்போ முதல்ல நீ தொங்கு."

மாணவன் முகத்தில் ஈயாடவில்லை.

"நீங்க கடைஞ்சது வளைஞ்சிடுச்சுக்கா. ராத்திரி மூட்டை கட்டினேன், வளைஞ்சிடுச்சு. காலையில காலேஜ்ல வேற ஒண்ணு கடைஞ்சு போட்டேன்."

"எந்தக் கம்பியில?"

"மீதி இருந்ததுல... அதே கம்பி. சொன்னா நீங்க விடமாட்டீங்கன்னு..."

தம்பி பெல்ட்டைக் கழற்றி வீசினான். "டேய், என் எலும்பா உனக்கு சோதனைக்குக் கிடைச்சுது?"

அக்கா லேத்துக்குப் போனாள். தன் இருப்பிலிருந்த கம்பியை எடுத்து அரம் போட்டுப் பார்த்தாள், லேசாகத்தான் கடித்தது; கெட்டிதான். அப்புறம்தான் கடைந்தாள். சில்லுகள் குட்டை குட்டையாகத் தெறித்தன. மாணவன் அசையாமல் பக்கத்திலேயே நின்றான்.

இரண்டு ஆள் கனத்துக்கு மூட்டை கட்டி மூன்று முறை விழவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் அவள் பின்னைக் கழற்றிக் கண்ணாடித் தகட்டின்மேல் உருட்டினாள். வளைவில்லை. ஆனாலும் தம்பி கிட்டே வரவில்லை.

யாரும் சொல்லாமலே மாணவன் பெல்ட்டை மாட்டிக்கொண்டு முக்காலிமேல் ஏறிக் குதித்தான். கருவி கவ்வியது. தரைக்கு ஒரு முழம் மேலே தொங்கினான்.

"சரி, இறங்கு," என்றாள் அக்கா.

கயிற்றோடு மல்லுக்கட்டினான். "விடமாட்டேங்குதுக்கா. இறங்குறப்போ கயித்தை விடுற வழி... அதை நான் வரையவே இல்ல."

அப்போதுதான் தம்பிக்குச் சிரிப்பு வந்தது. முக்காலியை மாணவன் காலடியில் தள்ளிவிட்டான்.

அவன் இறங்கியதும் அக்கா பின்னைக் கழற்றி மறுபடி உருட்டினாள். நேராகத்தான் ஓடியது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் உருட்டினாள்.